அண்டை மொழியில் ஆடுபவள்: 'மணிச்சித்திரத்தாழ்', 'சந்திரமுகி' படங்களில் ஆடல்மகளின் மொழியும் நடிப்பும்

ஆடலையும் மனப்பிளவையும் ஒருசேரக் கருவாகக் கொண்ட திரைப்படங்கள் நடிகையின் நடிப்பை நம்பியே நிற்கின்றன. டேரன் அரோனாஃப்ஸ்கியின் 'பிளாக் ஸ்வான்' (2010) படத்தில் பாலே நர்த்தகியாக நடித்த நடாலி போர்ட்மேன் ஆஸ்கர் விருது பெற்றார். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே ஃபாசிலின் மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்' (1993) இத்தகைய கருவைக் கையாண்டது. அதில் நடித்த சோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். பி. வாசு அக்கதையைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) எனவும் தமிழில் 'சந்திரமுகி' (2005) எனவும் மறுவாக்கம் செய்தார். இந்நடிப்புகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விழிகளின் அச்சுறுத்தலோடு நின்றுவிடுகிறது. கங்காவுக்குள் எழும் ஆடல்மகள் ஏன் எப்போதும் அண்டை நாட்டு மொழியையே பேசுகிறாள் என்னும் வினா உரிய கவனத்தைப் பெறவில்லை.

மலையாளப் படத்தின் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டவள், தமிழ் பேசுகிறாள். தமிழ்ப் படத்தின் சந்திரமுகியோ ஆந்திர நாட்டவள், தெலுங்கு பேசுகிறாள். கன்னடப் படத்திலும் தெலுங்கே. இந்தியில் பிரியதர்ஷன் இயக்கிய 'பூல் புலையா'வில் (2007) அவள் வங்காளியாகிறாள். ஒரே கதை எல்லை கடக்கும்போதெல்லாம் ஆடல்மகளும் ஓர் எல்லைக்கு அப்பால் தள்ளப்படுகிறாள். கணவனும் உறவினரும் அறியாத மொழி அவள் வாயில் வருவதே நோயின் முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகிறது.

மலையாளப் படத்தின் தேர்வுக்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) அவைக்குத் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு சென்றதும், தஞ்சை ஆடல் மரபு திருவிதாங்கூரில் வேர்கொண்டதும் அறிந்தவையே. தமிழ்ப் படத்தின் தேர்வு இதனினும் சிக்கலானது. தெலுங்கு தமிழகத்துச் சதிர் ஆட்டத்திற்கு அயல்மொழி அன்று. தஞ்சை நாயக்கர் அவையிலும் பின்னர் மராட்டியர் அவையிலும் தெலுங்கே ஆடற்பாடல்களின் முதன்மை மொழியாக விளங்கியது. சேத்திரக்ஞரின் பதங்களும் தஞ்சை நால்வரின் பல வர்ணங்களும் தெலுங்கில் அமைந்தவை. ஆகவே, சந்திரமுகி பாடும் தெலுங்கு வேட்டையபுரத்திற்கு வெளியிலிருந்து வந்ததாகப் படம் சொன்னாலும், தமிழகத்துச் சதிர்க் கச்சேரியில் அது வீட்டுமொழியாகவே இருந்தது. தமிழ்ப் படம் தன் ஊர்ச் சதிர்ப் பெண்ணின் நினைவையே அண்டை நாட்டவளின் பெயரில் வெளியேற்றிவிடுகிறது என்பது என் துணிபு.

அந்நினைவு வெளியேற்றப்பட்டதன் தடங்கள் தென்சென்னையில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தேவதாசி ஒழிப்புக்குப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம் அடையாற்றில் அமைந்தது. ருக்மிணி தேவி 1936இல் அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரா பின்னர்த் திருவான்மியூருக்குப் பெயர்ந்தது. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. சதிர் பரதநாட்டியம் எனப் பெயர் மாறி உயர்சாதிக் குடும்பப் பெண்களின் கலையாயிற்று. அதன் சிருங்காரம் ஐயத்திற்குரியதாயிற்று. மரபுவழிக் குடும்பத்தில் பிறந்த பாலசரசுவதி 1975இல் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் சிருங்காரத்தை ஆடலின் உயிராக எடுத்துரைக்க வேண்டியிருந்தது. கங்காவும் ஒரு குடும்பப் பெண்ணே. அவளுக்குள் தாசி எழுவதும், மருத்துவர் அவளை வெளியேற்றிக் கங்காவைக் கணவனிடம் மீட்டளிப்பதும் இவ்வரலாற்றோடு வைத்து எண்ணத்தக்கவை.

நடிப்பில் இரு படங்களும் வெவ்வேறு வழிகளில் செல்கின்றன. சித்ரா விசுவேசுவரன், பத்மா சுப்பிரமணியம் ஆகியோரிடம் பயின்ற சோபனாவின் உடல் ஆடலுக்குப் பழகியது. கட்டிலைத் தூக்கும் காட்சியில் கங்காவின் பேச்சு இயல்பாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கடினமாவதை அவர் கழுத்திலும் தோளிலும் முதலில் காட்டுகிறார். முகம் பிறகே மாறுகிறது. ஜோதிகா மரபாடற் பயிற்சிக்காக அறியப்பட்டவர் அல்லர். அவர் மையிட்ட விழிகளில் பாத்திரத்தைக் கட்டுகிறார். இதனைக் குறையாகக் கொள்வது பொருந்தாது. முகத்தாலேயே பதம் பிடித்தல் சதிர் மரபின் பெருமை. ஆயினும் ஜோதிகாவின் சந்திரமுகியில் சினம் மேலோங்குகிறது. சோபனாவின் நாகவல்லியிடம் காணப்படும் காதலின் ஏக்கம் இங்கே மெலிந்துவிடுகிறது. காதலனாக உடன் ஆடும் வினீத் பரதநாட்டியம் பயின்றவர் என்பதால் இவ்வேறுபாடு ஆடற்காட்சியில் இன்னும் வெளிப்படையாகிறது.

இத்தகைய நடிப்பு ஒருவருடைய உடைமைதானா என்னும் பூசலும் எழாமல் இல்லை. 'பிளாக் ஸ்வான்' படத்தில் போர்ட்மேனுக்கு மாற்றாக ஆடிய சாரா லேன், முழுவுருவ ஆடற்காட்சிகளில் பெரும்பாலானவை தம்முடையவை என 2011இல் கூறினார். இயக்குநர் அதனை மறுத்தார். அங்கே பூசல் கால்களைப் பற்றியது. இங்கே குரலைப் பற்றியது. மலையாளக் கங்காவுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் தமிழ்க் குரலும் அவருடையதென்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அது துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் கலைஞருடையது என்பதை ஃபாசில் 2016இல்தான் தெளிவுபடுத்தினார். சதிரில் நட்டுவனாரும் பாடகியரும் ஆடுபவளின் பின்னே நின்று அவளோடு முன்னும் பின்னும் நகர்வர்; அவையோர் அவர்களைக் கண்டனர். ருக்மிணி தேவி அவர்களை மேடையின் ஓரத்தில் அமர்த்தினார். திரையில் நாகவல்லியின் குரலுக்கு உரியவர் மேடையின் ஓரத்திலும் இல்லை. படம் வெளிவந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது.