உழாமல் விட்டால் காசு!

நிலத்தை உழாமல் புல் வளர விட்டால் அரசாங்கம் வருடா வருடம் பணம் கொடுக்கும் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் கொடுக்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கு இது சோம்பேறிக்குச் சம்பளம் மாதிரிதான் தெரிந்தது. இதன் வரலாற்றைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

கதை முதல் உலகப்போரில் ஆரம்பிக்கிறது. ஐரோப்பாவுக்குக் கோதுமை தேவைப்பட்டது. 1917ல் அமெரிக்க அரசு ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) கோதுமைக்குக் குறைந்தது 2 டாலர் என்று உறுதி கொடுத்தது. கன்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் பக்கத்துப் புல்வெளிகள் எல்லாம் வயலாயின. பிறகு விலை விழுந்தது. கடனை அடைக்க விவசாயிகள் இன்னும் அதிகமாக உழுதார்கள். ஆனால் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்ததே புல்லின் வேர்தான்! 1930களில் மழை பொய்த்ததும் மேல்மண் காற்றோடு கிளம்பியது. 1934 மே மாதம் அந்தப் புழுதி நியூயார்க், வாஷிங்டன் வரை போனது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி பகலே இருண்டு போனதால், அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள்.

இந்த ஆபத்தை முன்பே சொல்லி வந்தவர் ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண் ஆய்வாளர். மண் அழியாத சொத்து என்று அவருடைய துறையே 1909ல் எழுதி வைத்திருந்தது. அவரோ 1928ல் மண் அரிப்பை தேசிய ஆபத்து என்று எழுதினார். 1935ல் அவர் செனட் குழு முன் பேசியபோது, மேற்கிலிருந்து புழுதி வருவது தெரிந்து, அது வந்து ஜன்னலை மறைக்கும் வரை பேச்சை வேண்டுமென்றே நீட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்த ஏப்ரல் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி அமைந்த மண் பாதுகாப்புத் துறைக்கு பென்னட்தான் தலைவர்.

வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1933ல் விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கில் விவசாயிகளோடு அரசு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது. விதை, மரக்கன்று, வேலையாட்கள் அரசு தரும். சரிவுக்குக் குறுக்காக உழுவதும் செங்குத்தான இடத்தில் மாடு மேய்க்காமல் இருப்பதும் விவசாயியின் பொறுப்பு.

நேரடியாகப் பணம் கொடுக்கும் வழி வந்தது ஒரு வழக்கால்! விளைச்சலைக் குறைத்து விலையை ஏற்ற, 1933ல் ஒரு சட்டம் போட்டு விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர் கைக்கே போனது. தெற்கில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட ஏழைகள் பலர் வெளியேற்றப்பட்டார்கள். 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டம் செல்லாது என்றது. அடுத்த மாதமே புதுச் சட்டம். இந்த முறை பணம், மண்ணைக் கெடுக்கும் பயிரை விட்டு மண்ணை வளமாக்கும் புல், பயறு வகைக்கு மாறுவதற்கு.

ஆனால் பாடம் நிலைக்கவில்லை. 1970களில் ஏற்றுமதி பெருகி தானிய விலை ஏறியதும், விவசாய அமைச்சர் ஏர்ல் பட்ஸ் வேலி முதல் வேலி வரை பயிரிடச் சொன்னார். மண் மறுபடி அரித்தது. அதனால் 1985ல் இன்றும் நடக்கும் திட்டம் வந்தது. எளிதில் அரிக்கும் நிலத்தில் புல்லோ மரமோ வளர்த்தால், 10 முதல் 15 வருடம் வரை அரசு வாடகை தரும். 2007ல் இதில் சுமார் 3.7 கோடி ஏக்கர் இருந்தது. பிறகு சோள விலை எகிறியது. அரசும் செலவைக் குறைக்க உச்சவரம்பை இறக்கியது. பத்தே வருடத்தில் 2.4 கோடிக்குக் கீழே வந்துவிட்டது.

கவனித்தீர்களா? உழச் சொல்லிக் காசு கொடுத்ததும் அரசு, உழாதே என்று கொடுப்பதும் அரசு! இரண்டிலும் விவசாயி பேராசைக்காரனும் இல்லை, சோம்பேறியும் இல்லை. அடுத்த தவணைக் கடனைக் கட்ட வேண்டியவன் ஐம்பது வருடம் கழித்து மண் என்னவாகும் என்று காத்திருக்க முடியாது. அந்தக் காத்திருப்புக்குத்தான் நாடு கூலி கொடுக்கிறது. அதனால் இது தானம் இல்லை என்பது என் கருத்து.

ஒரே கவலை, இது வாடகைதான். ஒப்பந்தம் முடிந்து கோதுமை விலையும் ஏறினால் கலப்பை திரும்ப இறங்கிவிடும். ஒரு அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். நாம் போடுவதோ 10 வருட ஒப்பந்தம். இந்தக் கணக்கு சரியாக வருமா, நீங்களே சொல்லுங்கள்!