ஆயரின் வாயும் ஆயரின் காதும்

2012 டிசம்பர் 12ஆம் தேதி வத்திக்கானில் வழக்கமான பொதுச் சந்திப்பின் முடிவில் பதினாறாம் பெனடிக்ட் ஒரு ஐபேடின் திரையைத் தொட்டு, தன் முதல் ட்விட்டர் செய்தியை அனுப்பினார். அப்போது அவருக்கு 85 வயது. எட்டு மொழிகளுக்கு எட்டுக் கணக்குகள். எல்லாவற்றுக்கும் பொந்திஃபெக்ஸ் என்பதே பெயர். பாலம் கட்டுபவர் என்று பொருள். ஒரு மாதம் கழித்து ஒன்பதாவதாக லத்தீனையும் சேர்த்தார்கள். யாருக்கும் தாய்மொழியாக இல்லாத மொழிக்கு ஒரு கணக்கு கிடைத்தது, இந்திய மொழி எதற்கும் கிடைக்கவில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட சபைதான் இது. சரி, அந்த மனத்தாங்கல் ஒருபுறம் இருக்கட்டும்.

நான் கவனிக்க விரும்புவது வேறு. இந்தக் கணக்குகளை லட்சக்கணக்கானவர்கள் உடனே பின்தொடர்ந்தார்கள். அவை யாரைப் பின்தொடர்ந்தன என்று பார்த்தால், ஆங்கிலக் கணக்கு ஸ்பானியக் கணக்கை, ஸ்பானியக் கணக்கு இத்தாலியக் கணக்கை. அதாவது போப் போப்பை மட்டுமே பின்தொடர்ந்தார். பின்செல்லுதல் என்பது சுவிசேஷத்தில் சீடத்துவத்துக்கான சொல். ஆகவே இந்த ஏற்பாட்டில் இறையியல் தவறு எதையும் காட்ட முடியாது. ஆனால் அந்தச் சாதனம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளச் செய்யப்பட்டது. அது வாய் மட்டுமாகவே நிறுவப்பட்டது. கேள்வி கேளுங்கள் என்று முன்கூட்டியே அழைத்தார்கள். வந்து குவிந்தவற்றில் பக்தியும் இருந்தது, கேலியும் இருந்தது, குருக்களின் பாலியல் குற்றங்கள் பற்றிய கேள்விகளும் இருந்தன. முதல் நாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் வந்தது. மூன்றும் விசுவாச வாழ்வு பற்றியவை.

சபைத் தலைவர்கள் சமூக ஊடகத்துக்கு வந்த கதையைப் பழைய நிறுவனம் புதிய கருவியைக் கற்றுக்கொண்ட கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தாமதம்தான் பிரச்சினை என்றாகிவிடும். தாமதம் தீர்ந்தால் பிரச்சினையும் தீர்ந்துவிடும். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை ஊடகத்துக்குத் தாமதமாக வந்ததே இல்லை. குட்டன்பர்க்கின் காலத்தில் மைன்ஸ் நகரில் அச்சான, தேதியோடு நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய தாள்களில் 1454, 1455ஆம் ஆண்டுகளின் பலன் சீட்டுகள் அடங்கும். துருக்கியருக்கு எதிராக சைப்ரசுக்கு நிதி திரட்டியவை. பணம் கொடுத்தவருக்குப் பாவத்தண்டனைக் குறைப்பு. அந்தச் சீட்டில் வாசகம் முழுவதும் அச்சில் இருக்கும், பெயருக்கும் தேதிக்கும் மட்டும் வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஆயிரம் பேருக்கு ஒரே வாசகம், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர். இன்று கைப்பேசியில் நம் பெயரைச் சொல்லி வருகிற வாழ்த்துச் செய்தியின் பாட்டன் அந்த வெற்றிடம்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஃபூக்கோ 1978இல் பாரிசில் ஆற்றிய உரைகளில் இதைத்தான் மேய்ப்பு அதிகாரம் என்கிறார். அரசனின் அதிகாரம் நிலத்தின் மீது செல்வது. மேய்ப்பனுடையது மந்தையின் மீதும், அதே சமயம் மந்தையின் ஒவ்வொரு ஆட்டின் மீதும் செல்வது. பிஷப்பை ஆயர் என்று சொல்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆட்டையும் அறிய வேண்டுமென்றால் அதன் உள்ளே இருப்பதைக் கேட்டாக வேண்டும். 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கொரு முறை பாவசங்கீர்த்தனத்தைக் கட்டாயமாக்கியது. 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் கார்லோ பொரோமியோ அதற்கு ஒரு மரக்கூண்டும் இடையில் கம்பித் தடுப்பும் கொடுத்தார். அதே நூற்றாண்டில், 1580இல், தமிழிலேயே பாவசங்கீர்த்தனக் கையேடு ஒன்று அச்சானது. அன்றிக் அடிகளாரின் 'கொம்பெசியொனாயரு'. தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களில் ஒன்று, மக்களின் வாயிலிருந்து எதையெதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கான புத்தகம்.

ஆக, சபையின் காது தனியறையில் இருந்தது, வாய் பீடத்தில் இருந்தது. கேட்பது ரகசியம், ஒருவர் ஒருவராக. பேசுவது பகிரங்கம், எல்லோருக்குமாக. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு ஊடகமும் இந்த வாயைத்தான் பெரிதாக்கியது. 1931 பிப்ரவரி 12ஆம் தேதி மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் பதினோராம் பத்திநாதர் உலகத்தை நோக்கி முதன்முதலாகப் பேசினார். பேசியது லத்தீனில். உலகத்தில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? அன்று புரிவது முக்கியமாகப் படவில்லை. குரல் வந்து சேர்ந்தால் போதும். பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அசிசியின் கிளாராவை அறிவித்தார். நோயில் படுத்த படுக்கையாக இருந்தவர், தொலைவில் நடந்த கிறிஸ்துமஸ் பூசையைச் சுவரில் கண்டார் என்பது ஐதீகம். பார்வையாளரின் இலட்சிய வடிவம் அது. படுக்கையில் கிடப்பவர், பார்ப்பவர், எழுந்து வந்து ஏன் என்று கேட்காதவர்.

வாய் பெரிதானதும் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சார்லஸ் காக்லின் ஓர் உதாரணம். டெட்ராய்ட் அருகே ஒரு சிறு பங்கின் குரு. 1926இல் வானொலியில் பேசத் தொடங்கினார், 1930இல் நாடு தழுவிய ஒலிபரப்பு. பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களின் வயிற்றெரிச்சலைத்தான் முதலில் பேசினார், அதை மறுக்கக் கூடாது. மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. 1938 வாக்கில் அந்தக் குரல் பச்சையான யூத வெறுப்பாகிவிட்டிருந்தது. 1942இல்தான் மேலிடம் அவரை முழுசாக வாயடைக்கச் சொன்னது. கடிதம் எழுதியவர்கள் தங்களை அவர் கேட்கிறார் என்று நம்பியிருப்பார்கள். அந்தக் கடிதங்களை அவர்கள் ஒருவருக்கொருவர் படித்துப் பார்க்க வழியே இல்லை. எல்லாம் ஒரே மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் ஊடகம் பற்றி ஓர் ஆணையை வெளியிட்டது. அதில்தான் 'சமூகத் தொடர்பு' என்ற சொல்லைச் சபை தனக்கென்று எடுத்துக்கொண்டது. 'சமூக ஊடகம்' என்று நாம் பேசத் தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே. சொல் கைக்கு வந்துவிட்டது, சமூகம் திருப்பிப் பேசும் என்பது மட்டும் கணக்கில் வரவில்லை.

2001 நவம்பர் 22ஆம் தேதி இரண்டாம் ஜான் பால் ஒரு மடிக்கணினியிலிருந்து ஓசியானியா நாடுகளின் சபைகளுக்குத் தன் மடலை மின்னஞ்சலில் அனுப்பினார். வயதான போப் கணினி முன் உட்கார்ந்திருந்த படத்தைப் பத்திரிகைகள் கொண்டாடின. அந்த மடலுக்குள் என்ன இருந்தது? குருக்களாலும் துறவிகளாலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் அந்தப் பகுதி ஆயர்கள் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். பூர்வகுடிகளுக்கு இழைத்த அநீதிக்கும் மன்னிப்பு இருந்தது. அதாவது சபை, தானே பாவசங்கீர்த்தனம் செய்ததை முதன்முதலில் மின்வழியில் அனுப்பிய நாள் அது. கூண்டின் இந்தப் பக்கம் வந்து முழங்காலிட்ட அந்தக் கணத்தை யாரும் தொடர்ந்து எடுத்துப் போகவில்லை. படம் மட்டும் நின்றது.

2009 ஜனவரி 23ஆம் தேதி வத்திக்கானுக்கென யூடியூபில் ஓர் அலைவரிசை தொடங்கப்பட்டது. மறுநாளே, சபைநீக்கம் செய்யப்பட்டிருந்த நான்கு பழமைவாத ஆயர்களுக்கு மன்னிப்பு அறிவிப்பு வந்தது. அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் வில்லியம்சன் நாஜிகளின் யூதப் படுகொலையை மறுத்துப் பேசியவர். உலகமே கொதித்தது. மார்ச்சில் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் பெனடிக்ட், இணையத்தில் கிடைத்த தகவலைப் பின்தொடர்ந்திருந்தால் விஷயம் முன்பே தெரிந்திருக்கும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் பாருங்கள், தன் படத்தை யூடியூபில் ஏற்றத் தெரிந்த அலுவலகத்தில், அதே வலையில் ஒரு பெயரைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

காது பகிரங்கமானது சிலியில்தான். ஃபெர்னாந்தோ கரதிமா என்ற குருவின் பாலியல் குற்றங்களை வத்திக்கானே 2011இல் உறுதி செய்திருந்தது. அவரது சீடரான ஹுவான் பாரோஸ், அந்தக் கொடுமைகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். ஃபிரான்சிஸ் அவரை ஒசோர்னோ மறைமாவட்டத்துக்கு ஆயராக நியமித்தார். ஒசோர்னோவின் சாதாரணக் கிறிஸ்தவர்கள் 2015 முதலே எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான ஹுவான் கார்லோஸ் க்ரூஸ் எழுதிய எட்டுப் பக்கக் கடிதம் அந்த ஆண்டிலேயே போப்பிடம் சேர்ப்பிக்க ஒப்படைக்கப்பட்டிருந்தது. அது பழைய வழி: தனியறை, மூடிய உறை. ஒன்றும் நடக்கவில்லை. 2018 ஜனவரியில் சிலிக்கு வந்த ஃபிரான்சிஸ், ஆதாரம் கொண்டுவாருங்கள், இதெல்லாம் அவதூறு என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். க்ரூஸ் அன்றே ட்விட்டரில் பதில் எழுதினார்: என் மீது அது நடந்துகொண்டிருந்தபோது நான் செல்ஃபி எடுத்து வைத்திருக்க வேண்டுமா என்ற பொருளில். மூன்றே மாதத்தில் போப் தான் பெரும் தவறு செய்ததாக எழுதினார். ஏப்ரல் கடைசியில் க்ரூஸையும் வேறு இருவரையும் தன் இருப்பிடத்துக்கு வரவழைத்துக் கேட்டார். மே மாதம் சிலியின் ஆயர்கள் ஒட்டுமொத்தமாகப் பதவி விலக முன்வந்தார்கள். எல்லாவற்றையும் ட்விட்டர் சாதித்தது என்று சொன்னால் முட்டாள்தனம். தெருவில் நின்ற ஒசோர்னோ மக்களும் நிருபர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் எட்டுப் பக்கக் கடிதத்துக்கு இல்லாத ஒன்று அந்த ஒற்றை வாக்கியத்துக்கு இருந்தது: மற்ற ஆடுகளும் அதைப் படித்தன.

மேய்ப்பன் தன்னை அறிவதைப் பற்றி ஆட்டுக்குக் கவலையில்லை, ஆடுகள் ஒன்றையொன்று அறிவதைப் பற்றி மேய்ப்பனுக்குத்தான் கவலை. இதை நம்மூர்ப் பங்குகளில் ரொம்பச் சுலபமாகப் பார்க்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு பங்கு; ஊர் பெயர் வேண்டாம். தமிழகத்தில் பல ஊர்களைப் போல அங்கும் கிறிஸ்தவர்களுக்குச் சாதிவாரியாக இரண்டு கல்லறைகள், நடுவில் சுவர். 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம், சபைக்குள் சாதிப் பாகுபாடு கூடாது என்று இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். சுவர் அப்படியே இருக்கிறது. அந்தப் பங்குக்கு ஒரு வாட்ஸப் குழு. பூசை நேரம், ஓலை வாசிப்பு, சாமியாரின் தினசரி இரண்டு நிமிடப் பேச்சு, அதன் கீழே வரிசையாக ஆமென், கைகூப்பிய பொம்மைகள். ஒரு கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் என் நண்பர் அந்தக் குழுவில் கேட்டார்: "சாமி, நாளைக்கு மந்திரிப்பு எந்தக் கல்லறைல மொதல்ல?" கூடவே சுவரின் படம். அரை மணி நேரம் ஆமென்கூட இல்லை. பிறகு ஒரு பாட்டி, "எனக்கும் அதேதான் கேக்கணும்" என்று குரல்பதிவு போட்டார். அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர். ராத்திரிக்குள் படம் போய்விட்டது. நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவை மாற்றிவிட்டார்கள். 2018இல் வாட்ஸப் கொடுத்த வசதி அது. சாமியார் கெட்டவர் இல்லை. "ஊர்ல பிரச்சினை வரக்கூடாதுன்னுதான் தம்பி. உங்களுக்கு என்ன மனக்குறையோ தனியா வந்து சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றாராம். தனியாக வந்து சொல்லுங்கள். 1215இலிருந்து சொல்வதுதான்.

கொரோனாவின்போது, 2020 மார்ச் 9 முதல் மே 18 வரை, ஃபிரான்சிஸ் தன் காலைப் பூசையைத் தினமும் நேரலையில் விட்டார். மார்ச் 27 மாலை, மழையில், ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் அவர் தனியே நின்ற காட்சி பலரை அழவைத்தது, என்னையும் உலுக்கியது. ஆனால் ஏப்ரல் 17ஆம் தேதி பிரசங்கத்தில் அவரே, மக்களும் அருள்சாதனங்களும் இல்லாத சபை ஆபத்தானது, இது நெருக்கடிக்காக மட்டுமே என்று எச்சரித்தார். இணையத்தில் அருள்சாதனம் கிடையாது என்று 2002இலேயே வத்திக்கான் ஆவணம் சொல்லியிருந்தது. அதே சமயம் 2013இல் ரியோ இளைஞர் விழாவை இணையம் வழியே பக்தியோடு பின்தொடர்ந்தால், உரிய நிபந்தனைகளோடு, பரிபூரண பலன் உண்டு என்றும் அறிவித்திருந்தது. அப்பம் திரை வழியே வராது, பலன் வரும். மைன்ஸ் சீட்டு நினைவுக்கு வந்தால் அது என் குற்றமில்லை.

2025 மே 8இல் பதினான்காம் லியோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ராபர்ட் பிரிவோஸ்டின் பெயரில் முன்பே ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் அன்பின் வரிசைமுறை பற்றிச் சொன்னதை மறுக்கும் ஒரு கட்டுரை அந்தப் பிப்ரவரியில் அதில் பகிரப்பட்டிருந்தது. பிறர் எழுதியதைப் படித்து, இதைப் பாருங்கள் என்று நீட்டுகிற, நம்மைப் போன்ற ஒரு கணக்கு. மே மாதம் பொந்திஃபெக்ஸ் அவர் கைக்கு வந்தது.

அந்தப் பங்கில் என் நண்பரும் அந்தப் பாட்டியின் பேரன்மாரும் இப்போது வேறொரு குழு வைத்திருக்கிறார்கள். நாற்பது பேர் இருப்பார்கள், சுவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும். பழைய ஞானஸ்நானச் சான்றுகள், கல்லறைக் கற்களின் படங்கள், யாருடைய தாத்தா எங்கே புதைக்கப்பட்டார் என்ற கணக்கு, நடுநடுவே சண்டையும். சாமியாரை அதில் சேர்க்கலாமா என்று பேச்சு நடக்கிறது. சேர்த்தால் அவரும் மற்றவர்களைப் போல ஓர் உறுப்பினராக மட்டும் இருக்க வேண்டும் என்று பாட்டி சொல்கிறாராம். இன்னும் முடிவாகவில்லை.