டிராம்போலினும் எங்கள் வீட்டுச் சொம்மியேவும்

வழக்கமாக நம் ஊரின் பழைய தெருக்கள், பழைய அலுவலகங்கள் என்று எழுதிக்கொண்டிருப்பவன் இந்த முறை ஒரு விளையாட்டுச் சாமானின் சரித்திரத்தை எழுத வந்திருக்கிறேன். எழுபதைத் தாண்டியவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அது கடைசியில் வரும்.

நம்மில் பல குடும்பங்களைப்போல எங்களுக்கும் பிரான்சில் ஒரு கிளை உண்டு. மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டி. மகள் கல்யாணமாகிப் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. பாரிசுக்கு வடக்கே, பின்பக்கம் சின்னத் தோட்டம் உள்ள ஒரு வீட்டில் இருக்கிறார்கள். 2023 கோடையில் நான் அங்கே போயிருந்தபோது பேரப்பிள்ளைகள் மூவரும் ஒரே பிடிவாதமாக டிராம்போலின் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் இருக்கிறதாம். மூத்தவனுக்குப் பதினொன்று, பெண்ணுக்கு எட்டு, கடைக்குட்டிக்கு நாலு வயது.

மாப்பிள்ளை கடைப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். 2.44 மீட்டர், 3.05, 3.66, 4.27 என்று குறுக்களவு வாரியாகப் படங்கள். "இருக்கிறதிலேயே பெரிசா வாங்கிடலாம் மாமா, மூணு பேரும் ஒண்ணாவே குதிக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அப்போது சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவனுக்கு வேறு என்ன வரும்? ஒரு நோட்டை எடுத்து விசாரணையைத் தொடங்கினேன். அதில் கிடைத்ததுதான் கீழே வரும் சரித்திரம்.

டிராம்போலினைச் செய்தவர் ஜார்ஜ் நிசென். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1914-ல் பிறந்தவர். சிறு வயதில் சர்க்கஸ் பார்க்கப் போனார். பார் விளையாடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டியிருக்கும் வலையில் விழுந்து, எழும்பி, ஒரு குட்டிக்கரணம் போட்டு இறங்குவார்கள் அல்லவா? கூட்டம் பார் ஆட்டத்தைப் பார்த்துக் கை தட்டியது. இந்தப் பையன் வலையைப் பார்த்தான். விழுவதோடு முடியாமல் மேலும் மேலும் எழும்பிக்கொண்டே இருக்க முடியுமா என்பது அவன் யோசனை. வீட்டு கராஜில் இரும்புச் சட்டமும் கான்வாஸும் வைத்துச் சோதனை செய்தான். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரராக இருந்தபோது, லாரி கிரிஸ்வோல்டு என்ற பயிற்சியாளரோடு சேர்ந்து 1930-களின் நடுவில் உருப்படியான ஒன்றைச் செய்து முடித்தார்.

பெயர் வந்த கதை எனக்குப் பிடித்தது. 1937-ல் நிசென் இரண்டு நண்பர்களோடு மெக்சிகோ பக்கம் வித்தை காட்டப் போனார். அங்கே நீச்சல் குளத்தில் எகிறிக் குதிக்கும் பலகைக்கு ஸ்பானிய மொழியில் 'டிராம்போலின்' என்பதைக் கேட்டுக்கொண்டு வந்து, தன் சாமானுக்கு அதையே வைத்து வியாபாரப் பெயராகவும் பதிவு செய்தார். நம் பிரெஞ்சு வகுப்பில் 'த்ராம்ப்ளேன்' என்று ஒரு சொல் படித்தோமே, நினைவிருக்கிறதா? எகிறு பலகை. வேலைக்கு, பதவிக்கு ஏறுபடியாக இருப்பதையும் பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுவார்கள். இரண்டுக்கும் வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. அங்கே 'திராம்போலி' என்றால் பொய்க்கால் கட்டை. பொய்க்கால் கட்டையில் தொடங்கிய சொல் ஐரோப்பாவைச் சுற்றி, மெக்சிகோ போய், அமெரிக்கா வழியாகத் திரும்பி வந்து என் பேரன் வாயில் உட்கார்ந்திருக்கிறது.

நிசெனுக்கு 1945-ல் காப்புரிமை கிடைத்தது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்து அந்தச் சாமானுக்கு வேலை கொடுத்துவிட்டது. வானத்தில் தலைகீழாகப் புரண்டாலும் விமானிக்கு மேல் எது கீழ் எது என்று தடுமாறக்கூடாது. அந்தப் பழக்கத்துக்காக அமெரிக்கப் படைகள் பயிற்சியில் இருந்தவர்களை இதில் குதிக்கவிட்டன. போருக்குப் பிறகு பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போயிற்று. நிசென் விளம்பரத்தில் கெட்டிக்காரர். 1960-ல் ஒரு கங்காருவைப் பழக்கி, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அதன் கையைப் பிடித்துக்கொண்டு தானும் கூடவே துள்ளி எடுத்துக்கொண்ட படம் உலகம் சுற்றியது.

அந்தச் சமயத்தில்தான், 1959, 60-ல், அமெரிக்கா முழுக்கக் 'குதிக்கும் மையங்கள்' முளைத்தன. காலி மனையில் வரிசையாகக் குழி தோண்டி, ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு டிராம்போலினைக் கட்டி, நேரத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு யாரை வேண்டுமானாலும் ஏறவிட்டார்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லை, கவனிக்க ஆளில்லை. கை கால் உடைந்தது, கழுத்து முறிந்தது. வழக்குகள் குவிந்தன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. கொஞ்ச காலத்திலேயே அந்த மோகம் அடங்கி, மையங்கள் மூடிக்கிடந்தன.

விளையாட்டாக அது வளர்ந்தது வேறு கதை. 1964-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2000-த்தில் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். ஆண்களில் மொஸ்கலென்கோ, பெண்களில் கரவயேவா என்று இரண்டு தங்கத்தையும் ரஷ்யர்கள் கொண்டுபோனார்கள். எண்பத்தாறு வயது நிசென் அரங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். 2010-ல் காலமானார்.

ஆனால் என் நோட்டில் நான் அடிக்கோடிட்டது ஒலிம்பிக்கை அல்ல, மருத்துவர்கள் சொன்னதை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1977-லேயே பள்ளிகளில் டிராம்போலின் வேண்டாம் என்றது. 1999-லும் 2012-லும், வீட்டுத் தோட்டத்தில் வைப்பதை ஊக்குவிக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. அந்த அறிக்கையில் இரண்டு விஷயங்கள் என்னை உலுக்கின. காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் குதிக்கும்போது ஏற்படுகிறது. அப்படி நடக்கும்போது அடிபடுவது பெரும்பாலும் இருப்பவர்களில் சிறியவனே.

காரணம் எளிது. கனமானவன் விழும்போது விரிப்பு ஆழமாகத் தாழ்கிறது, ஸ்பிரிங்குகள் இழுபடுகின்றன. அவை சுருங்கி விரிப்பு மேலே வரும் அந்தக் கணத்தில் சிறியவன் அதன்மேல் வந்து இறங்கினால், பெரியவனுடைய கனத்தின் விசையெல்லாம் அந்தச் சின்ன உடம்பைத் தூக்கி எறியும். அவன் குதிக்கவேயில்லை. அவனைக் குதிக்க வைத்துவிட்டார்கள். எங்கே போய் விழுவோம் என்பது அவன் கையில் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு அயோவா நினைவுக்கு வரவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் பழைய வீட்டின் நடு அறை நினைவுக்கு வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுவிட்டுப் போனது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அப்படி ஓர் ஏலத்தில் அப்பா ஓர் இரும்புக் கட்டில் வாங்கி வந்தார். அதன்மேல் ஒரு சொம்மியே. ஸ்பிரிங் வைத்த படுக்கைத் தளத்துக்கு அதுதான் பெயர். தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் அது இருந்தது. அதில் படுத்து அப்பாவுக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். ஆனால் எங்களுக்கு அது சர்க்கஸ். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. 1959. அமெரிக்காவில் குழி தோண்டிக் குதித்துக்கொண்டிருந்த அதே வருடம்.

ஒரு மத்தியானம் அம்மா கிணற்றடியில் இருந்தார். இருவரும் குதித்தோம். நான் வேண்டுமென்றே பலமாகக் குதித்தேன். நான் விழுந்தால் அவன் தூக்கிப் போடப்படுவான் என்பது எனக்குத் தெரியும். அதுதான் வேடிக்கை. மூன்றாவது முறை அவன் கட்டில் சட்டத்தைத் தாண்டிப் போய்த் தரையில் இடது முழங்கையை ஊன்றி விழுந்தான். எலும்பு கட்டுகிற ஒருவரிடம் கூட்டிப்போய்க் கட்டினார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது கை முழுதாக நீளவில்லை. கடைசிவரை நீளவேயில்லை. "எப்படிடா விழுந்தான்?" என்று அப்பா கேட்டபோது, "தானா விழுந்துட்டான்" என்றேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தம்பிக்கு இருபத்தொரு வயதில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். உடல் தகுதிச் சோதனையில் கையை நீட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான். பிறகு சைக்கிள் கடை வைத்து, அதில் பெண்களைப் படிக்கவைத்து, நன்றாகவே வாழ்ந்தான். ஆனாலும் சுதந்திர தினத்தன்று கடற்கரைச் சாலையில் அணிவகுப்புப் பார்க்க அவன் வரமாட்டான் என்பதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

தோட்டத்துக்குத் திரும்புகிறேன். இரண்டு நாள் விசாரணைக்குப் பிறகு, என் குறிப்பைக் குடும்பத்தின் முன் வைத்தேன். வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் முதல் பரிந்துரை. மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "இந்தப் பிள்ளைங்க நாள் பூரா போனையே பார்த்துக்கிட்டு இருக்குதுங்கப்பா, குதிக்கட்டுமே" என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. சரி, வாங்குவதானால் எப்படி என்று எழுதியிருந்ததைப் படித்தேன்.

ஒன்று, இடம். தோட்டத்தை டேப் வைத்து அளந்தேன். எட்டுக்குப் பத்து மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டராவது சுவரோ மரமோ வேலியோ இல்லாமல் காலியாக இருக்கவேண்டும். 4.27 அடிபட்டுப் போயிற்று. மூலையில் ஆப்பிள் மரம் இருந்ததால் 3.66-ம் இடித்தது. 3.05 சரியாக இருந்தது. தரை சமமான புல்தரையாக இருக்கவேண்டும், சிமெண்ட் கூடாது. காற்றில் தூக்கிக்கொண்டு போகாமல் கால்களைத் தரையில் முளையடித்துக் கட்டவேண்டும்.

இரண்டு, வடிவம். செவ்வகம் போட்டிக்காரர்களுக்கு. வட்டமானது குதிப்பவரை நடுவுக்கே கொண்டுவரும், வீட்டுக்கு அதுதான் நல்லது.

மூன்று, வலை. 1990-களின் பிற்பகுதியில் வந்த ஏற்பாடு இது. ஸ்பிரிங்குகளுக்கு உள்பக்கமாக வலை இருந்தால் கால் ஸ்பிரிங் இடுக்கில் போகாது. ஸ்பிரிங்கே இல்லாமல், விரிப்புக்குக் கீழே வளையும் கம்பிகளை வைத்து நியூசிலாந்துப் பேராசிரியர் கீத் அலெக்சாண்டர் செய்த வகையும் கடைகளில் இருக்கிறது. அவரும் மகளுக்கு ஒன்று வாங்க நினைத்து, ஆபத்து என்ற யோசனையில் தொடங்கியவர்தான். விலை கொஞ்சம் எட்டாத உயரம். ஆனால் வலையை முழுதாக நம்பவேண்டாம். வலை வந்த பிறகும் காயங்கள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. பெரும்பாலானவை விரிப்பின் மேலேயே நடக்கின்றன.

நான்கு, ஐரோப்பியத் தர எண் இ.என். 71-14. அந்த எண் போட்ட சாமானில் ஓர் எச்சரிக்கை இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், மோதும் அபாயம் என்று. கடைப் புத்தகத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் பிரெஞ்சிலேயே படித்துக் காட்டினேன். பக்கத்திலேயே மூன்று பிள்ளைகள் ஒன்றாகக் குதிக்கும் படம் பெரிதாக இருந்தது.

ஐந்து, ஆறு வயதுக்குக் கீழே கூடாது. குதித்து முடித்ததும் ஏணியைக் கழற்றி உள்ளே வைக்கவேண்டும். கடைக்குட்டி அழுதான். "நாம ரெண்டு பேரும் பந்து விளையாடலாம்டா" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

"ஒவ்வொருத்தரா குதிச்சா என்ன மாமா சந்தோஷம்?" என்று மாப்பிள்ளை கேட்டபோதுதான் தம்பியின் கதையைச் சொன்னேன். அறுபத்துநாலு வருடத்தில் முதல் முறையாக வாய்விட்டு. மகள் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை புத்தகத்தை எடுத்து 3.05 மீட்டர் படத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

அன்றைக்கே தம்பிக்குப் போன் செய்தேன். பேரப்பிள்ளைகள், வெயில், டிராம்போலின் என்று சுற்றிவளைத்துவிட்டுச் சொன்னேன். "அன்னைக்கு நீ தானா விழலைடா. நான்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தெரியும்ணே" என்றான். "மூணு நாள் எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தியே. நீ எப்ப எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கே?"

இருவரும் சிரித்தோம். பிறகு நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "சரி, அங்கே பசங்க ஒவ்வொருத்தராத்தானே குதிக்கறாங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கும் நண்பர்கள் இதைத் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பிவைக்கலாம். சரித்திரப் பகுதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஐந்து குறிப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். நாலாவதை இரண்டு முறை.