தற்செயலாகத் தெரிந்தவை

பழங்காநத்தம் ரவுண்டானாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் என் அத்தை பதினோரு மாதம் இருந்தார். அப்பாவின் அக்கா. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. ஜெய்ஹிந்துபுரத்தில் அப்பளம் தேய்த்துக் கொடுத்த கூலியில் என் கல்லூரிக் கட்டணத்தின் ஒரு பங்கைக் கட்டியவர். இடுப்பெலும்பு முறிந்து அவர் படுக்கையில் விழுந்தபோது, இல்லத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கப் போவேன். குளிப்பாட்டி, தலைவாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு வைத்திருப்பார்கள். விரிப்பு சலவை மணத்தோடு இருக்கும். “இன்னைக்கு என்ன கிழமை தாயி?” என்று ஒவ்வொரு முறையும் அத்தை கேட்பார். வயதானால் வரும் மறதி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை மழைக்காகக் கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். சொல்லாமல் போனேன். அறைக்குள் நுழையும் முன்பே வாடை வந்தது. விரிப்பு நனைந்திருந்தது. அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது, இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். படுக்கைப்புண் ஒரே நாளில் அந்த அளவுக்கு வளராது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புண்ணின் மேல் படுத்துக்கொண்டுதான் அத்தை என்னிடம் பேசியிருக்கிறார்.

அன்று மழை பெய்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. இந்த எண்ணம் என்னை விடவில்லை. தமிழ்நாட்டின் பராமரிப்பு இல்லங்களில் நடந்தவற்றைப் பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன். பெரிதாக வெளியே வந்தவை எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான், தற்செயலாகத்தான் வெளியே வந்திருக்கின்றன.

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். மனநலக் காப்பகம் நடத்த உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆனால் சங்கிலியைப் பற்றி நாடு பேசியது தீப்பிடித்த பிறகுதான். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதுபோன்ற விடுதிகள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய நாள் வரை அந்த 500 பேரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

2018 பிப்ரவரி. உத்திரமேரூரை அடுத்த பாலேஸ்வரத்தில் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான கருணை இல்லம் ஒன்று இருந்தது. அங்கே போய்க்கொண்டிருந்த வண்டியிலிருந்து ஒரு மூதாட்டியின் அலறல் சாலையில் போனவர்களுக்குக் கேட்டது. வண்டியை நிறுத்திப் பார்த்தால், உயிரோடு இருந்த அவரோடு ஒரு சடலமும் காய்கறி மூட்டைகளும் இருந்தன. அதன் பிறகே அதிகாரிகள் உள்ளே போனார்கள். பதிவு காலாவதியாகியிருந்தது. இறந்தவர்களைச் சுவர் அடுக்கறைகளில் வைத்து மூடிய முறை பற்றிக் கேள்விகள் எழுந்தன. நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. நூற்றுக்கணக்கானோர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். குற்றச்சாட்டுகளில் எது எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மூதாட்டிக்குக் கத்தத் தெம்பு இல்லாமல் போயிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

2023 பிப்ரவரி. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர். ஆசிரமம் ஒன்றில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று வெளிநாட்டில் இருந்த உறவினர் தேடினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. காணாமல் போன ஒருவரைத் தேடிப் போனவர்கள், உரிய அனுமதியில்லாத இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கண்டார்கள். அங்கிருந்த பெண்கள் பாலியல் வன்கொடுமை பற்றிச் சொன்னது அப்போதுதான் வெளியே கேட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. அந்தப் பெண்களைத் தேடி யாரும் மனுப் போட்டிருக்கவில்லை.

ஒரு தீ, ஓர் அலறல், தேடி வந்த ஒரு சொந்தம். இந்த மூன்றையும் வெளிக்கொண்டு வந்தது முறையான ஆய்வு அல்ல.

ஏன் இப்படி? பதிலுக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1782இல், பஞ்ச காலத்தில், கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வந்த பெயர் அது. அந்தச் சத்திரம் பிற்காலத்தில் முதியோர் இல்லமாக நடந்துவருகிறது. நம் ஊரில் முதுமைக் காப்பகங்கள் கஞ்சித்தொட்டியின் வாரிசுகளாகத்தான் வந்தன. கஞ்சி வாங்குகிறவர் கஞ்சியில் உப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஊற்றியவர் புண்ணியவானாகிவிடுகிறார், குடித்தவர் கடன்பட்டவராகிவிடுகிறார். மாதம் தவறாமல் பணம் கட்டிய என்னிடமே, “இவ்வளவு சேவை செய்யிறோம், நீங்க குறை சொல்றீங்களே டீச்சர்” என்றார்கள்.

2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. தருமத்தை உரிமையாக்க வந்த சட்டம். அதை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். 19ஆவது பிரிவு, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது தொடங்கி, மாநில அரசு படிப்படியாக இல்லங்களை அமைக்க‘லாம்’ என்கிறது. இல்லங்களின் தரத்தை வகுக்கும் திட்டத்துக்கும் அதே ‘லாம்’தான். தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ‘அமைக்க வேண்டும்’ என்பதற்கும் ‘அமைக்கலாம்’ என்பதற்கும் நடுவில் எத்தனை பேர் விழுவார்கள் என்று தெரியும்.

இன்னொன்று. அந்தச் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்த வரையறையில் இல்லை. நம் வீடுகளில் மலம் துடைப்பதும் கஞ்சி ஊட்டுவதும் யார் கை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கைக்குச் சட்டத்தில் பெயர் கிடையாது. பிள்ளையில்லாதவர்களுக்கு ‘உறவினர்’ பொறுப்பு. யார் உறவினர்? அவருடைய சொத்தை வைத்திருப்பவர், அல்லது அவருக்குப் பின் அது யாருக்கு வந்துசேருமோ அந்த வாரிசு. என் அத்தைக்குப் பிள்ளையும் இல்லை, சொத்தும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவருக்கு யாருமே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பிறர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்த, கூலிக்கு உழைத்த பெண்கள் வந்து நிற்கும் இடம் இதுதான்.

இதைச் சொன்னால், “அதுக்குத்தான் வீட்டுலயே வச்சுப் பாக்கணும்கிறது” என்பார்கள். வீடு பொற்காலம் அல்ல. விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் படுத்துவிட்ட முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தல் பற்றி 2010இல் செய்திகள் வந்தன. அது நடந்தது வீட்டுக்குள்தான். வீடு நல்லதா இல்லம் நல்லதா என்று விவாதிப்பதில், அந்த வேலையை யார் செய்கிறார், என்ன கூலிக்குச் செய்கிறார் என்ற கேள்வி மறைந்துபோகிறது.

அந்தப் புதன்கிழமை நான் முதலில் கத்தியது அங்கிருந்த ஆயாவிடம்தான். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர். பதில் பேசாமல் விரிப்பை மாற்றினார். பிறகு சொன்னார்: “நான் என்னக்கா செய்ய? ஒரு ஆளத் திருப்புறதுக்குள்ள இன்னொரு ஆளு கூப்புடுது. வீட்டுல என் மாமியாரும் இப்படித்தான் கெடக்கு.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். படுத்தபடியே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர்கள் சொல்லும் பொது விதி. அங்கே 20 படுக்கைகள். இரவில் ஒரே ஆயா. ஒருவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்ற 10 நிமிடம் என்றால் 20 பேருக்கு 200 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் இருப்பதோ 120. அந்த ஆயா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இரவு முழுக்க உட்காராமல் நின்றாலும், எட்டுப் பேருக்குப் புண் வந்தே தீரும். அத்தையின் புண் இந்தக் கணக்கில் வந்தது. இன்னோர் ஆளைப் போட்டால் ஆகும் செலவை, படுத்திருப்பவரின் தோலிலிருந்தும் ஆயாவின் இடுப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவையும் கணக்காகவே இருக்க வேண்டும். இத்தனை படுக்கைக்கு இரவில் இத்தனை பேர் என்ற எண், வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டும். சேரும் நாளிலும் பிறகு வாரந்தோறும் உடம்பில் புண் இருக்கிறதா என்று பார்த்து எழுதும் ஏடு வேண்டும். முன்னறிவிப்பில்லாத ஆய்வும், அதன் அறிக்கையை யாரும் படிக்கும் வசதியும் வேண்டும். ஆயாக்களுக்குப் பயிற்சியும் சட்டப்படியான கூலியும் வேண்டும். முதியோருக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் படுத்திருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் தொலைபேசி இல்லை. யாருமற்றவருக்காகப் பேச, உள்ளே போய்வரும் உரிமையுள்ள வெளியாள் ஒருவர் வேண்டும்.

அத்தையை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சம்பளமில்லா விடுப்பில் கொஞ்ச நாள் நானே பார்த்தேன். பிறகு ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தேன். அவர் வீட்டுக் கிழவியை யார் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. புண் ஆற நான்கு மாதம் ஆனது. அடுத்த புரட்டாசியில் அத்தை இறந்துபோனார்.

அந்த நான்கு மாதத்தில் ஒருநாள்கூட அவர் என்னிடம் கிழமை கேட்கவில்லை. அது மறதி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அங்கே கண் விழித்த ஒவ்வொரு நாளும், தன்னைத் துடைத்துவிடப் போகிற நாள் அதுதானா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்.

என் மாணவிகளிடம் இப்போது ஒன்று சொல்கிறேன். உங்கள் தெருவில் ஓர் இல்லம் இருந்தால் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். புதன்கிழமை போங்கள்.