61 நாள் சும்மா நின்ற விசைப்படகு... இன்ஜின் ஸ்டார்ட் ஆகலையா? செல்ஃப் அடிக்கும் முன் இதைப் பாருங்க!

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். தடை முடிந்து கடலுக்குக் கிளம்பும் நேரத்தில், பல வருஷம் உழைத்த பழைய டீசல் இன்ஜின் சில சமயம் மக்கர் பண்ணும். அந்த அவசரத்தில் செல்ஃபை விடாமல் அடிச்சுக்கிட்டே இருந்தால், சின்னக் கோளாறுகூட பெரிய செலவாகிவிடும்.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதற்குத் தேவை மூன்று: வேகமான சுற்று, சுத்தமான டீசல், நல்ல காற்றழுத்தம். இதில் எது குறையுது என்று வரிசையாகப் பார்த்தாலே பழுது பிடிபடும்.

சாவியைத் தொடும் முன் என்ன பார்க்கணும்?

முதலில் ஆயில். டிப் ஸ்டிக்கில் பால் கலந்த டீ மாதிரி தெரிந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கு என்று அர்த்தம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

அடுத்து, ஃபிளைவீலைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்க. நகரவே இல்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் நல்லது.

'டக்' சத்தம் மட்டும் வருதா?

பேட்டரியைச் சந்தேகப்படுங்க. முழு சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி வீக். உப்புக் காற்றில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி இறுக்கினாலே பல நேரம் வேலை முடிஞ்சிடும். இன்ஜின் பாடியில் இருக்கும் எர்த் ஒயரையும் மறக்க வேண்டாம்.

நல்லா சுத்துது, ஆனா பிடிக்கலையா?

இப்போது புகையைப் பாருங்க.

புகையே இல்லை: டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. முதலில் ஸ்டாப் லீவரைப் பாருங்க. நீண்ட நாள் நின்ற இன்ஜினில் அந்தக் கேபிள் துருப்பிடித்து 'ஸ்டாப்' நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அது சரி என்றால் டேங்க் வால்வு, ஃபில்டர், அடியில் தேங்கிய தண்ணீர் ஆகியவற்றைப் பாருங்க.

வெள்ளைப் புகை: டீசல் போகுது, ஆனால் எரியவில்லை. மெதுவான சுற்று, தேய்ந்த ரிங், டீசலில் தண்ணீர் ஆகியவை காரணமாக இருக்கலாம்.

கறுப்புப் புகை: காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரில் குளவிக்கூடு, எலி வைத்த குப்பை இருக்கான்னு பாருங்க.

ஏர் எடுப்பது எப்படி?

டீசல் லைனில் காற்றுக் குமிழ் புகுந்தால் இன்ஜின் பிடிக்காது. ஃபில்டர் மேலுள்ள பிளீட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பம்பை அடிக்கணும். குமிழ் நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கணும். அதையே இன்ஜெக்ஷன் பம்பிலும் செய்யணும். இன்ஜெக்டரில் இருந்து பீய்ச்சும் டீசலுக்கு நேராக மட்டும் கையைக் காட்டவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இதை மட்டும் செய்யாதீங்க

10 விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் இரண்டு நிமிஷம் இடைவெளி விடணும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் காயில் கருகும். கடல்நீரை இழுத்து சைலன்சர் வழியே தள்ளும் இன்ஜினில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்ஜின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் சைலன்சரில் தண்ணீர் நிரம்பி, சிலிண்டருக்கே திரும்பி வந்துவிடும். ஹீட்டர் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தால் உள்ளேயே வெடிக்க வாய்ப்புண்டு.

ஸ்டார்ட் ஆயிடுச்சா? உடனே கிளம்ப வேண்டாம்

சில விநாடிகளில் ஆயில் பிரஷர் ஏறணும். ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்க. கடல்நீரில் குளிரும் இன்ஜின் என்றால் தண்ணீர் வெளியே கொட்டுதான்னு பாருங்க. பல நாள் காய்ந்து கிடந்த பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் விறைத்து உடைந்திருக்கலாம். துறைமுகத்துக்குள்ளேயே அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது. அடியில் கிளறிய கசடு ஃபில்டரை அடைத்தால், நடுக்கடலில்தான் இன்ஜின் நிற்கும். ராமேஸ்வரம் பக்கம் என்றால், நின்ற படகு காற்றோடு சர்வதேச எல்லையைத் தாண்டும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். கடலில் அவசரம் என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன்...

பழைய ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்க. டேங்க்கை முழுசா நிரப்பி வையுங்க, பாதி டேங்க்கில்தான் ஈரக்காற்று தண்ணீராக இறங்கும். பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்க. வாரம் ஒருமுறை ஃபிளைவீலைக் கையால் சுற்றி விட்டால், பிஸ்டன் ஒட்டாமல் இருக்கும்.