ஓட்டக்களமும் ஒளித்திரையும்

அரபு மொழியில் சாட்சி கூறுபவரை ‘ஷாஹித்’ என்பர். தொலைக்காட்சி காண்பவரை இன்று ‘முஷாஹித்’ என்கின்றனர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். காண்பவர் சாட்சியுமாவார் என்பது அவ்வேர் உணர்த்தும் பொருள். உடல் வலிமைப் போட்டிகள் ஒளித்திரைக்கு வந்த வரலாற்றை இப்பொருள் கொண்டு ஆராயலாம்.

முதன்முதல் தொலைக்காட்சியில் காட்டப்பெற்ற ஒலிம்பிக் போட்டிகள் 1936 ஆம் ஆண்டின் பெர்லின் போட்டிகளாகும். அந்நகர மக்கள் பொது அறைகளில் கூடி அவற்றைக் கண்டனர். 1948 இல் இலண்டன் போட்டிகளை பி.பி.சி. இல்லங்களுக்கே கொண்டு சேர்த்தது. 1964 இல் டோக்கியோ போட்டிகள் செயற்கைக்கோள் வழியே அமெரிக்காவை எட்டின. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. 1982 இல் தில்லி ஆசிய விளையாட்டையொட்டி நம் நாட்டுத் திரை வண்ணம் பெற்றது. அவ்விளையாட்டில் இரு வெள்ளிப் பதக்கம் வென்ற பி.டி. உஷா, 1984 இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வினாடியின் நூறில் ஒரு பங்கால் வெண்கலம் இழந்தார். இவை யாவும் திரை இல்லாவிடினும் நடந்திருக்கும் போட்டிகள். படக்கருவி அங்கே சாட்சியாக மட்டுமே நின்றது.

இதற்கிடையே வேறொரு வகையும் தோன்றியது. 1973 இல் அமெரிக்க ஏ.பி.சி. நிறுவனம் ‘சூப்பர்ஸ்டார்ஸ்’ என்னும் நிகழ்ச்சியில் புகழ்பெற்ற வீரர்களை அவர்தம் துறையல்லாத போட்டிகளில் மோதவிட்டது. குத்துச்சண்டை வீரர் ஜோ பிரேசியர் நீந்தத் தெரியாமலே நீச்சல் பந்தயத்தில் இறங்கித் தத்தளித்தார். 1997 இல் ஜப்பானியர் ‘சசுகே’ என்ற தடைதாண்டும் போட்டியை அமைத்தனர். 2021 இல் சான்சிபார் தீவில் படமாக்கப்பெற்ற ‘சர்வைவர்’ தமிழ் இல்லங்களுக்கும் வந்தது. இவற்றிலும் வியர்வை உண்டு, வலிமை உண்டு. ஆயினும் களத்தை அமைப்பதும், எதைக் காட்டுவது எதை நீக்குவது என முடிவு செய்வதும் படக்கருவியை உடையோரே. சாட்சி இங்கே எசமானனாகி விடுகிறான்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஸ்ரீரங்கம் தீவைக் கடந்து, கொள்ளிடத்தின் வடகரை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் இலால்குடிப் பகுதி. அப்பகுதியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றை ஓடினார். பஹ்ரைன் முதலிடம் பெற்றது, இந்தியாவுக்கு வெள்ளி. திரையில் உலகம் கண்டது அவ்வளவே. பஹ்ரைன் அணியில் ஓடிய ஒருவர் ஊக்கமருந்து உட்கொண்டமை மெய்ப்பிக்கப்பட்டதால், 2020 இல் அத்தங்கம் இந்தியாவுக்கு வழங்கப்பெற்றது. திருச்சியின் சுபா வெங்கடேசன் 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே வகை ஓட்டத்தில் பங்கேற்றார். நால்வரும் ஓடி முடிக்க மூன்றரை நிமிடமும் ஆகவில்லை. அதற்குப் பின்னிருந்த பயிற்சி ஆண்டுகளை எந்தத் திரையும் காட்டியதில்லை.

ஒளித்திரை பொய்ச்சாட்சி என்பது நம் கூற்றன்று. அது பாதி மட்டுமே கண்ட சாட்சி. மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து பந்தயம் பார்க்கும் பெற்றோர், மறுநாள் காலை அவர்களை ஊர்த் திடலுக்கும் அழைத்துச் செல்வார்களாயின், எஞ்சிய பாதியையும் அவர்கள் கண்ணாரக் காண்பர்.