எத்தனை கலம்?

திருவனந்தபுரத்துக் கரமனையின் பெயரைக் காது தானாகவே பிரித்துக்கொள்கிறது: கரை, மனை. ஆறு பக்கத்திலேயே ஓடுவதால் மறுப்பாரும் இல்லை. என்னை அங்கே இழுத்தது வேறொரு பெயர். கரமனைச் சந்திப்பில் பஸ்ஸை விட்டிறங்கி, மேற்கே நடந்து, கிள்ளியாற்றுப் பாலம் தாண்டித் திரும்பினால் வலியசாலை. ‘வலிய’ என்றால் பெரிய. மலையாளம் படிக்காதவருக்கும் விளங்கும். ‘சாலை’தான் சிக்கல்.

இந்தப் பகுதியில் சாலைகளுக்குப் பஞ்சமில்லை. வலியசாலை, ஆரியசாலை, பிறகு வெறும் ‘சாலை’. கடைசியாகச் சொன்னது திருவனந்தபுரத்தின் பெரிய கடைத்தெரு. திருவிதாங்கூர் மன்னர் தர்மராஜா காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கியது. அங்கேயே கடை வைத்திருந்து கடைத்தெருக் கதைகள் எழுதிய ஆ. மாதவனால் தமிழ் வாசகர்களுக்கும் அது பழக்கம். கடைகள் நிறைந்த நீண்ட தெரு என்பதால், தமிழரில் பலர் அந்தச் ‘சாலை’யை ரோடு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வலியசாலையில் நிற்பவர் காந்தளூர் மகாதேவர். கோயிலை ஒட்டி அக்கிரகாரம், ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் வீடுகள். திண்ணையில் இருந்த அம்மாள், “யாராத்துக்கு வந்தேள்?” என்றார். “காந்தளூர்ச் சாலையைப் பார்க்க வந்தேன், மாமி” என்றேன். “கோவில்தான் காந்தளூர். வேறென்ன இருக்கு பாக்க?” நியாயமான கேள்வி. மதிலோ கொத்தளமோ பீரங்கியோ ஒன்றும் இல்லை. ஆனாலும் ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் முதலில் சொல்லிக்கொள்ளும் வெற்றி இந்தப் பெயரின்மேல்தான். 985இல் பட்டமேறியவனுக்கு நான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டிலேயே அந்தப் பெருமை வந்துவிடுகிறது: காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்தவன்’.

கலம் என்றால் என்ன? தமிழில் அது ஒரு பெட்டிக்கடை, கேட்டதெல்லாம் கிடைக்கும். உண்கலம், மரக்கலம், அணிகலம், படைக்கலம், பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல் அளவு. வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் மரக்கலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நீலகண்ட சாஸ்திரியும் அந்தப் பக்கம்தான். சேரன் கப்பல்களைச் சோழன் உடைத்தான் என்பது பாடநூல் வரை போய்விட்டது. படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வலியசாலையில் நின்று பார்த்தால் கண்ணில் படும் நீர் கிள்ளியாறு ஒன்றே. அதில் கப்பற்படை நிறுத்த நினைத்த சேரன் இருந்திருந்தால், சோழன் வரும் வரை காத்திருக்கத் தேவையே இல்லை, படை தானே தரைதட்டியிருக்கும். அதனால் சிலர் காந்தளூரையே கிளப்பிக் கொண்டுபோய் விழிஞம் பக்கம் கடலோரத்தில் வைத்தார்கள். கப்பல் வேண்டும் என்பதற்காக ஊரை நகர்த்துவது!

விடைக்கு ஒரு செப்பேட்டைப் பார்க்க வேண்டும். 866ஆம் ஆண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, பார்த்திவசேகரபுரம் என்ற கோயிலையும் அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திபபுரம்தான் அது. வட்டெழுத்தில் எழுதிய தமிழ்ச் சாசனம். திருவனந்தபுரம் ஹுஜூர் அலுவலகத்தில் இருந்ததால் ஹுஜூர் செப்பேடு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. புதிய சாலைக்கு முன்மாதிரி காந்தளூர் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. ஆக, சாலை என்பது நடக்கிற ரோடு அல்ல. பாடசாலை, தருமசாலை என்கிறோமே, அந்தச் சாலை. தங்கிப் படிப்பவர்கள் ‘சட்டர்’. மாணவனைக் குறிக்கும் ‘சாத்ர’ என்ற வடசொல் தேய்ந்த வடிவம். சேர வருகிறவனுக்கு இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும். கூடவே ‘த்ரைராஜ்ய வ்யவஹாரம்’, அதாவது மூன்று அரசுகளின் நடைமுறை. சேரன், சோழன், பாண்டியன் மூவரும் கண் வைத்திருந்த எல்லை நாட்டில் அது வெறும் பாடமல்ல, பிழைக்கும் வழி.

வேதம் ஓதுகிற இடத்தில் படை எங்கே வந்தது? அதே செப்பேடு சட்டர்களின் ஆயுதத்துக்கும் கைகலப்புக்கும் கட்டுப்பாடு விதிக்கிறது. கையில் இல்லாத ஆயுதத்துக்கு யாரும் விதி எழுத மாட்டார்கள். எம்.ஜி.எஸ். நாராயணன் இந்தச் சாலைகளை ஆயுதப் பயிற்சியும் கொண்ட பிராமணக் கல்லூரிகளாகக் கண்டது இதனால்தான்.

இனி கலத்துக்கு வருவோம். சாலையில் இருந்த இடங்கள் 95. அவற்றை வேதப் பிரிவுவாரியாகப் பங்கிடும்போது செப்பேடு ஆளை எண்ணவில்லை, கலத்தை எண்ணுகிறது. பவழியச் சரணத்தாருக்கு 45 கலம், தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14. இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது கல்யாணச் சமையற்காரர். “எத்தனை பேர்?” என்று அவர் கேட்பதில்லை, “எத்தனை இலை?” என்பார். இலைதான் ஆள். அவர்களுக்குக் கலம்தான் ஆள். ஒரு கலம் என்றால் ஒருவனுக்குச் சோறும் இடமும் உரிமையும்.

‘அறுத்தல்’ வெட்டுவதையும் குறிக்கும், வரையறுப்பதையும் குறிக்கும். சோழன் அந்த இடங்களை ஒழித்தானா, இத்தனைதான் என்று புதிதாகக் கட்டுப்படுத்தினானா என்று அறிஞர்கள் வழக்காடலாம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘காந்தளூர்ச் சாலை’ என்று தனி நூலே எழுதிய விஷயம் இது. என் எண்ணம்: அரிசியை நிறுத்தினால் வாள் தானே கீழே இறங்கும் என்பது ராஜராஜனுக்குத் தெரியும். பின்னால் முதலாம் ராஜாதிராஜனும் முதலாம் குலோத்துங்கனும் இதே காந்தளூரைத் தங்கள் வெற்றிகளில் சேர்த்துக்கொண்டதும் அப்போது விளங்குகிறது. உடைத்த கப்பலை மறுபடி உடைப்பதை நம்புவதைவிட, அறுத்த கலம் மறுபடி பரிமாறப்பட்டது என்று நம்புவது எளிது.

திருவிதாங்கூர் காலத்தில் வாள் இந்த வழிக்கு வேறு விதமாகத் திரும்பி வந்தது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் புறப்படுகிறார்கள். முன்னே அரச உடைவாள், போலீஸ் மரியாதை. கரமனையில் குமாரசுவாமி வெள்ளிக் குதிரை ஏறுகிறார். தங்குவது ஆரியசாலைக் கோயிலில். மீண்டும் ஒரு சாலை. அங்கும் விருந்தாளிக்கு நைவேத்தியம் உண்டு.

திரும்பும்போது சாலைக் கடைத்தெரு வழியாகப் போனேன். வாழையிலைக்காரர் கட்டைப் பிரித்துப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் அவசரத்தில் இருந்தார். “வீட்டில எத்தனை பேருன்னு கேக்காதேங்கோ, அம்பது இலை கட்டுங்கோ” என்றார்.